யாரைக் கூப்பிடுவது?

தமிழில் ‘காவல்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வயலுக்குக் காவல், வாசலுக்குக் காவல் என்னும்போது அது பாதுகாப்பு. பதினைந்து நாள் நீதிமன்றக் காவல் என்னும்போது அது சிறை. ‘காவல் நிலையம்’ என்று எழுதும்போது இந்த இரண்டில் எதைச் சொல்கிறோம் என்று நாம் நின்று யோசிப்பதில்லை. உள்ளே நுழைபவர் யார் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும் என்பதை மட்டும் அனுபவத்தில் அறிந்திருக்கிறோம்.

அரபு மொழியில் இவற்றுக்கு நெருக்கமாகத் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ‘ஷுர்த்தா’ என்றால் போலீஸ். திருட்டுப் போனால் புகார் எழுதிக்கொள்கிறவர்கள். ‘முகாபராத்’ என்றால் உளவுத்துறை; நீங்கள் யாரோடு தேநீர் குடித்தீர்கள், என்ன பேசினீர்கள் என்று குறித்து வைக்கிறவர்கள். சிரியாவிலோ இராக்கிலோ எகிப்திலோ சர்வாதிகார ஆட்சியில் வளர்ந்த ஒருவருக்கு இரண்டுமே அச்சம் தருபவைதாம். ஆனாலும் முன்னதற்கு லஞ்சம் கொடுத்துத் தப்பிக்கலாம், பின்னதிடம் அகப்பட்டால் தப்ப வழியில்லை என்ற வித்தியாசம் அவருக்குத் தெரியும்.

அமெரிக்காவில் குடியேறிய அரபுச் சமூகங்கள் தங்கள் ஊர்ப் போலீஸை எப்படிப் பார்க்கின்றன என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். ‘இந்தச் சமூகம் ஏன் போலீஸை நம்ப மறுக்கிறது?’ என்றுதான் பொதுவாக இந்தப் பேச்சு தொடங்கும். எனக்கு வேறொரு கேள்வி முக்கியமாகப் படுகிறது. அந்த நம்பிக்கை உடைந்ததற்கான விலையை அந்தச் சமூகத்துக்குள் யார் கொடுக்கிறார்கள்? இரவு பதினோரு மணிக்கு வீட்டுக்குள் அடி விழுகிறது. கையில் போன் இருக்கிறது. 911 என்று அழுத்தினால் வாசலுக்கு வரப்போவது ஷுர்த்தாவா, முகாபராத்தா? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் போனைக் கீழே வைக்கும் பெண்ணிடமிருந்து தொடங்கினால், ‘சமூகத்துக்கும் போலீஸுக்குமான உறவு’ என்ற பழகிய தலைப்பு வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கிறது.

முதலில் ஒரு விளக்கம். அரபியர் எல்லாரும் இஸ்லாமியர் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவுக்குப் போன முதல் தலைமுறையினரில் பெரும்பாலோர் இன்றைய லெபனான், சிரியா பகுதியைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள். அமெரிக்க இஸ்லாமியர் எல்லாரும் அரபியரும் அல்ல. இந்த வேறுபாடுகளைப் போலீஸும் பொதுமக்களும் பல நேரம் கவனிப்பதில்லை என்பதே பிரச்சினையின் ஒரு பகுதி. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வீட்டு வன்முறை அரபுச் சமூகத்தின் தனிச்சொத்து அல்ல. எல்லாச் சமூகங்களிலும் அது இருக்கிறது. அதிலிருந்து வெளியேறும் கதவு ஒவ்வொரு சமூகப் பெண்ணுக்கும் ஒரே அளவில் திறக்கிறதா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட்டை ஒட்டியிருக்கும் டியர்போர்ன் நகரம், ஃபோர்ட் கம்பெனியின் தலைமையகமும் ரூஜ் தொழிற்சாலையும் இருக்கும் ஊர். அந்தத் தொழிற்சாலை வேலைக்காக லெபனானியரும் ஏமன்காரர்களும் வந்தார்கள். பிறகு போர்களிலிருந்து தப்பி லெபனானியர், பாலஸ்தீனியர், இராக்கியர் வந்து சேர்ந்தார்கள். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஏறத்தாழ ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேர் வாழும் அந்த ஊரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்களை மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க வம்சாவளியினர் என்று பதிவு செய்தார்கள். இதே ஊருக்கு 1942 முதல் 1978 வரை மேயராக இருந்த ஆர்வில் ஹப்பர்ட், கறுப்பின மக்கள் அங்கே குடியேறாமல் பார்த்துக்கொள்வதை வெளிப்படையாகவே தன் கொள்கையாக வைத்திருந்தவர். யாரை உள்ளே வைப்பது, யாரை வெளியே நிறுத்துவது என்ற கணக்கு அந்த ஊரின் நிர்வாகத்துக்குப் புதிதல்ல.

2001 செப்டம்பருக்குப் பிறகு அந்தக் கணக்கு அரபியர் பக்கம் திரும்பியது. அந்த ஆண்டு நவம்பரில், தற்காலிக விசாவில் வந்திருந்த சுமார் 5,000 இளைஞர்களை நேரில் விசாரிக்கப்போவதாக அமெரிக்க நீதித்துறை அறிவித்தது. அவர்கள்மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. வயதும் வந்த நாடும்தான் அடிப்படை. விசாரணைக்கு ஊர்ப் போலீஸின் உதவி கேட்கப்பட்டது. ஆரெகான் மாநிலத்தின் போர்ட்லாண்ட் நகரப் போலீஸ், குற்றச் சந்தேகம் இல்லாதவர்களை இப்படி விசாரிக்க எங்கள் மாநிலச் சட்டம் இடம் தரவில்லை என்று சொல்லி மறுத்தது. மறுக்க முடியும் என்பதற்கு அந்த ஒரு சான்று போதும். மறுக்காத ஊர்களில், நேற்றுவரை சாலை விபத்துக்கு வந்து நின்ற போலீஸ்காரர் இன்று தேசப் பாதுகாப்புக் கேள்விகளோடு கதவைத் தட்டினார். 2002இல் ‘சிறப்புப் பதிவு’ வந்தது. 25 நாடுகளைச் சேர்ந்த, 16 வயது நிரம்பிய ஆண்கள் நேரில் போய்க் கைரேகை கொடுக்க வேண்டும். வடகொரியாவைத் தவிர மற்ற அனைத்தும் இஸ்லாமியர் பெரும்பான்மையாக உள்ள நாடுகள். தாமாகவே போய் வரிசையில் நின்ற 80,000க்கும் மேற்பட்டவர்களில் 13,000க்கும் அதிகமானோர் மீது நாடுகடத்தல் நடவடிக்கை தொடங்கப்பட்டது. அரசு கூப்பிட்டால் போகக் கூடாது என்ற பாடத்தை அந்தச் சமூகத்துக்குக் கற்றுக்கொடுத்தது அரசேதான்.

இந்த இரண்டு நடவடிக்கைகளும் ஆண்களைக் குறிவைத்தவை. அதனாலேயே பெண்கள் மீதான அவற்றின் விளைவு கணக்கில் வரவில்லை. கணவனோ மகனோ பட்டியலில் ஏறிய வீட்டில், போலீஸைக் கூப்பிடுவது என்பது அடுத்த நாளே அர்த்தம் மாறிவிட்ட ஒரு செயல்.

நியூயார்க்கில் நடந்தது இதைவிட ஆழமானது. அங்கே மத்திய அரசு ஊர்ப் போலீஸைப் பயன்படுத்தவில்லை. ஊர்ப் போலீஸே உளவுத்துறையானது. 2002இல் நகரக் காவல்துறையின் உளவுப் பிரிவுக்குப் பொறுப்பேற்றவர் டேவிட் கோஹன், சிஐஏவின் முன்னாள் உயரதிகாரி. 2003இல் ‘மக்கள்தொகைப் பிரிவு’ என்ற பெயரில் ஒரு குழு தொடங்கப்பட்டது. எகிப்தியர் நடத்தும் கஃபே எது, சிரியர் கடை எங்கே, மொராக்கோக்காரர்கள் எங்கே கூடுகிறார்கள், அங்கே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அந்தக் குழு எழுதி வைத்தது. பள்ளிவாசல்களுக்குள் ஆள்காட்டிகள் அனுப்பப்பட்டார்கள். கல்லூரி மாணவர் சங்கங்களும் கண்காணிக்கப்பட்டன. 2011இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் இதை வெளிக்கொண்டு வந்தார்கள். அடுத்த ஆண்டு அவர்களுக்குப் புலிட்சர் விருது கிடைத்தது. 2012இல் உளவுப் பிரிவின் தலைவர் தாமஸ் கலாட்டி சத்தியப் பிரமாண வாக்குமூலத்தில், தன் பொறுப்புக் காலத்தில் அந்தக் குழுவின் வேலை ஒரு பயங்கரவாத விசாரணைக்குக்கூடத் துப்புக் கொடுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். 2014இல் குழு கலைக்கப்பட்டது.

புரூக்ளினின் பே ரிட்ஜ் பகுதியில் இயங்கும் அரபு அமெரிக்கர் சங்கம், புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஆங்கில வகுப்பு நடத்தும், குடியேற்ற மனுக்களை எழுதிக் கொடுக்கும் அமைப்பு. லிண்டா சர்சூர் அதன் இயக்குநராகப் பல ஆண்டுகள் இருந்தார். அந்த அமைப்பின் நிர்வாகக் குழுவிலேயே ஓர் ஆள்காட்டியை நுழைக்க போலீஸ் திட்டமிட்டிருந்தது 2013இல் வெளியான ஆவணங்களில் தெரியவந்தது. மொழி தெரியாத ஊரில், வீட்டுக்கு வெளியே ஒரு பெண் முதலில் போய் உட்காரக்கூடிய இடம் இத்தகைய சங்கம்தான். ‘வீட்டில் நிலைமை சரியில்லை’ என்ற அரை வாக்கியத்தை அவள் முதலில் சொல்லக்கூடிய இடமும் அதுதான். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் யாருக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரியாத இடத்தில் அந்த அரை வாக்கியம்கூட வெளியே வராது. உளவு பார்த்தவர்கள் இதைத் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். யோசித்தும் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுடைய வரைபடத்தில் அவள் இல்லவே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் அரபுச் சமூகம் போலீஸை ஒட்டுமொத்தமாக வெறுத்துவிட்டது என்று சொன்னால் அது உண்மையல்ல. வேரா நீதி ஆய்வு நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் முக்கியமானது. அரபு அமெரிக்கர்கள் எஃப்பிஐ போன்ற மத்திய அமைப்புகளைவிடத் தங்கள் ஊர்ப் போலீஸை மேலாகவே மதித்தார்கள். தெருவில் யாரோ செய்யும் வெறுப்புத் தாக்குதலைவிட அரசின் கொள்கைகளுக்கே அதிகம் அஞ்சினார்கள். உறவுக்குத் தடையாக அந்த ஆய்வு நான்கைச் சொன்னது: பரஸ்பர அவநம்பிக்கை, பண்பாடு பற்றிய அறியாமை, மொழி, குடியேற்ற நிலை குறித்த அச்சம். ஆக அந்த மக்கள் நுட்பமாகவே பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். தங்கள் தெருவுக்கு வரும் போலீஸ்காரரை ஷுர்த்தாவாக வைத்துக்கொள்ளவே விரும்பியிருக்கிறார்கள்.

அந்தப் பிரிகோட்டை அழித்தவை சட்டங்களும் கணினிகளும். 2008இல் தொடங்கிய ஒரு மத்தியத் திட்டத்தின்படி, ஊர்ச் சிறையில் எடுக்கப்படும் ஒவ்வொரு கைரேகையும் குடியேற்றத் துறையின் தரவுத்தளத்தோடு தானாகவே ஒப்பிடப்பட்டது. கைது செய்த போலீஸ்காரர் நல்லவரா கெட்டவரா என்பதற்கு இங்கே வேலையே இல்லை. அவர் எவ்வளவு கனிவானவராக இருந்தாலும் அவர் எடுக்கும் கைரேகை போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும்.

இப்போது அந்த வீட்டுக்குள் போவோம். கணவன்வழி விசாவில் வந்த பெண். 1986இல் வந்த திருமண மோசடித் தடுப்புச் சட்டம், திருமணத்தின் வழியாக நிரந்தரக் குடியுரிமை கேட்பவர்களுக்கு இரண்டு ஆண்டு நிபந்தனைக் காலம் விதித்தது. அதுவரை திருமணம் நிலைத்திருக்க வேண்டும். அடிவாங்கினாலும் இரண்டு ஆண்டுகள் பொறுத்துக்கொள் என்பதே நடைமுறையில் இதன் பொருளாயிற்று. பெண்ணியவாதிகளின் போராட்டத்துக்குப் பிறகு 1990இல் விலக்கு வந்தது. 1994இல் பெண்களுக்கு எதிரான வன்முறைத் தடுப்புச் சட்டம், குடிமகனோ நிரந்தரக் குடியுரிமை பெற்றவனோ ஆன கணவனால் வதைக்கப்படும் பெண் அவனுக்குத் தெரியாமலே தனக்காக மனு செய்யலாம் என்றது. பெரிய வெற்றிதான். ஆனால் 1996இல் வந்த குடியேற்றச் சட்டம் வீட்டு வன்முறைக் குற்றத்தை நாடுகடத்தலுக்கான காரணங்களில் ஒன்றாக்கியது. பெண்களின் பக்கம் நிற்பதுபோல் தோன்றும் இந்த விதியை அவள் கண்கொண்டு படித்துப் பாருங்கள். அவன் நாடுகடத்தப்பட்டால் வீட்டு வாடகை யார் கொடுப்பது? அவன் விசாவோடு ஒட்டியிருக்கும் அவள் விசா என்னவாகும்? நாட்டில் இருக்கும் மாமியாரும் தன் பெற்றோரும் அவளை எந்த முகத்தோடு பார்ப்பார்கள்? அடி நிற்க வேண்டும் என்று மட்டும்தான் அவள் விரும்பினாள். அரசு அவளிடம் நீட்டுவது அவள் முழு வாழ்க்கையையும் கலைத்துப் போடக்கூடிய ஒரு கருவியை.

2000இல் உருவான ‘யு விசா’ இந்தச் சிக்கலை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. குற்றத்தால் பாதிக்கப்பட்டு, விசாரணைக்கு உதவுகிறவர்களுக்கான விசா அது. அதற்கு விண்ணப்பிக்க, அவர் உதவினார் அல்லது உதவக்கூடியவர் என்று போலீஸோ அரசு வழக்கறிஞரோ அதுபோன்ற ஓர் அதிகாரியோ கையெழுத்திட்டுச் சான்றளிக்க வேண்டும். கையெழுத்திடுவதும் மறுப்பதும் அந்த அலுவலகத்தின் விருப்பம். ஆண்டுக்கு 10,000 பேருக்குத்தான் வழங்கப்படும் என்பதால் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளும். யாரைக் கண்டு அஞ்சுகிறாளோ அவர்களுடைய நல்லெண்ணத்தில்தான் அவளுடைய பாதுகாப்பு தொங்குகிறது. காப்பாற்றப்படும் தகுதியை அவள் ஒத்துழைத்துச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

போலீஸ் வந்தபிறகு என்ன நடக்கிறது என்பதும் உண்டு. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, அவனுக்குத் தெரியும். யாருடைய கதை முதலில் பதிவாகும் என்று சொல்லத் தேவையில்லை. அரபு பேசும் மொழிபெயர்ப்பாளர் கிடைக்காத இடத்தில் பத்து வயது மகள் நடுவில் நிற்கிறாள். அப்பா அம்மாவை எங்கே அடித்தார் என்பதை அந்தக் குழந்தை ஒரு துப்பாக்கிக்காரருக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

நியூயார்க்கில் 2017இல் கைதான இரண்டு இஸ்லாமியப் பெண்கள் அடுத்த ஆண்டு நகரத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். அடையாளப் புகைப்படத்துக்காகத் தங்கள் ஹிஜாபை ஆண் போலீஸார் முன்னிலையில் கழற்ற வைத்தார்கள் என்பது வழக்கு. 2020இல் முகம் தெரிந்தால் போதும், தலைத்துணியை எடுக்க வேண்டியதில்லை என்று விதி மாறியது. 2024இல் இதேபோல் பாதிக்கப்பட்டவர்கள் அனைவருக்குமாக ஒரு கோடியே 75 லட்சம் டாலர் இழப்பீடு வழங்க நகரம் ஒப்புக்கொண்டது. செய்திகளில் அதிகம் பேசப்படாத ஒரு தகவல் என்னை இந்த வழக்கில் நிறுத்தி வைத்தது. இருவருமே கைதானது நீதிமன்றப் பாதுகாப்பு ஆணையை மீறினார்கள் என்ற குற்றச்சாட்டில். அந்தக் குற்றச்சாட்டே பொய் என்பது அவர்கள் தரப்பு. அடிபடும் பெண்களுக்காகப் பெண்ணியவாதிகள் போராடிப் பெற்ற கருவிகளில் ஒன்று அந்தப் பாதுகாப்பு ஆணை. அது ஒரு பெண்ணுக்கு எதிராகவும் திருப்பப்படலாம். அப்படித் திருப்பப்பட்ட இரவில் அவள் தலைத்துணியும் போகும்.

இப்படி எத்தனை பெண்கள் கூப்பிட்டார்கள், எத்தனை பேர் கூப்பிடாமல் இருந்தார்கள் என்று கேட்டால் விடை சொல்ல எண் இல்லை. அமெரிக்க அரசின் இன வகைப்பாட்டில் அரபியர் நெடுங்காலம் ‘வெள்ளையர்’ பிரிவிலேயே சேர்க்கப்பட்டார்கள். தனிப் பிரிவாகச் சேர்க்கும் முடிவு 2024 மார்ச்சில்தான் வந்தது. அதனால் உதவி கேட்டவர்கள், உதவி கிடைத்தவர்கள் பற்றிய அரசுப் புள்ளிவிவரங்களில் அரபுப் பெண் தனியாகத் தெரிவதில்லை. ஆனால் 2014இல் வெளியான அரசின் ரகசிய ஆவணத்தின்படி, பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலில் உள்ளவர்களின் எண்ணிக்கையில் நியூயார்க்குக்கு அடுத்த இடத்தில் இருந்தது டியர்போர்ன். எண்பது லட்சம் பேர் வாழும் நகரத்துக்கு அடுத்து, ஒரு லட்சம் பேர்கூட அப்போது இல்லாத ஓர் ஊர். சந்தேகப்படும்போது அரபியரைத் துல்லியமாக எண்ணத் தெரிந்த அரசுக்கு, உதவும்போது அவர்கள் வெள்ளையர் ஆகிவிடுகிறார்கள்.

அவளுடைய மௌனத்துக்கு அரசு மட்டுமே காரணம் என்று சொல்லி முடித்துவிட்டால் நான் பாதியைத்தான் சொன்னவளாவேன். மறுபாதி சமூகத்துக்குள் இருக்கிறது. ‘நம்மைப் பற்றி ஏற்கெனவே இவ்வளவு மோசமாகப் பேசுகிறார்கள், நீயும் போய் அவர்கள் கையில் ஆதாரம் கொடுக்காதே’ என்று சொல்லும் பெரியவர்களை எந்த ஒடுக்கப்பட்ட சமூகத்திலும் பார்க்கலாம். அச்சம் உண்மை, அதை ஆதாயமாக்கிக்கொள்வதும் உண்மை. கிம்பர்லே கிரென்ஷா 1991இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஓர் அனுபவத்தைச் சொல்கிறார். லாஸ் ஏஞ்சலஸ் போலீஸிடம் பகுதிவாரியாக வீட்டு வன்முறைப் புள்ளிவிவரம் கேட்டபோது கிடைக்கவில்லை. வெளியிட்டால் அரசு இதைச் சிறுபான்மையினர் பிரச்சினை என்று ஒதுக்கிவிடும் என்று பெண்கள் அமைப்பினரில் சிலர் அஞ்சினார்கள். தங்கள் ஆண்கள் வன்முறையாளர்கள் என்ற முத்திரை வலுப்படும் என்று சிறுபான்மைச் சமூகத்தினர் சிலர் அஞ்சினார்கள். இரண்டு தரப்புக்கும் நியாயமான காரணம் இருந்தது. அந்த இரண்டு நியாயங்களுக்கும் நடுவில் அடிபட்ட பெண் காணாமல் போனாள்.

அரபுப் பெண்ணுக்கு மூன்றாவதாக ஒரு சுமையும் உண்டு. அவளைக் காப்பாற்றப் புறப்படுகிறவர்கள். 2001 நவம்பர் 17 அன்று ஜனாதிபதியின் மனைவி லாரா புஷ் வானொலியில் பேசினார். ஆப்கன் போரைப் பெண்களின் உரிமைக்கான போராட்டமாகவும் அவர் முன்வைத்தார். ஐயாயிரம் இளைஞர்களை விசாரிக்கும் அறிவிப்பு வந்த அதே மாதம் அது. வெளியே இஸ்லாமியப் பெண்களை மீட்கப் படை போகிறது. உள்ளே அதே மதத்துப் பெண்களின் கணவன்மாரும் மகன்களும் விசாரணைக்கு அழைக்கப்படுகிறார்கள். லைலா அபு-லுகோத் மறு ஆண்டே ஒரு கட்டுரையில் இந்த மீட்பு மொழியைக் கேள்விக்குள்ளாக்கினார். பின்னர் 2013இல் அதை நூலாக விரித்தார். அந்த மொழியின் விளைவாக, தன் கணவன் அடித்தான் என்று ஓர் அரபுப் பெண் சொல்லும் சாதாரண வாக்கியம் அவளுடையதாக நிற்பதில்லை. ‘அவர்கள் பண்பாடே அப்படித்தான்’ என்ற தீர்ப்புக்கு அது சாட்சியமாகிவிடுகிறது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண் சொன்னால் அது அவள் கணவன் மீதான புகார் மட்டுமே. தன் வாக்கியம் தன் கையை விட்டுப் போகும் என்று தெரிந்த ஒருத்தி பேசாமல் இருப்பதைக் கோழைத்தனம் என்றோ அடிமை மனம் என்றோ நாம் சொல்லக் கூடாது.

இனி அறம் சார்ந்த கேள்விக்கு வருகிறேன். நம்பிக்கை என்பது ஒருவர் மற்றவருக்குக் கொடுக்கக் கடமைப்பட்ட ஒன்றா? மெய்யியலாளர் ஆனெட் பேயர் 1986இல் எழுதிய கட்டுரையில், நம்புவது என்றால் நமக்கு அருமையான ஒன்றை, கெடுக்கும் வாய்ப்புள்ள ஒருவர் பொறுப்பில் விடுவது என்கிறார். நம்புகிறவர் தன்னைக் காயப்படத்தக்கவராக ஆக்கிக்கொள்கிறார். ஒரு நம்பிக்கை உறவு ஒழுங்கானதா என்பதற்கு அவர் ஒரு சோதனையும் தருகிறார். இரு தரப்பும் மற்றவரிடம் எதைச் சார்ந்திருக்கிறார்கள் என்பது வெளிப்படையாகத் தெரிந்த பிறகும் அந்த உறவு நிலைக்குமா? நிலைக்காது என்றால் அந்த உறவில் ஏதோ அழுகல் இருக்கிறது. சமூகத் தலைவர்களோடு கைகுலுக்கிக்கொண்டே அவர்கள் சங்கத்தில் ஆள்காட்டியை நுழைக்கப் பார்த்த போலீஸ் இந்தச் சோதனையில் முதல் நிமிடமே தோற்கும். உண்மை தெரியாமல் இருக்கும்வரை மட்டுமே அந்த நம்பிக்கை நின்றது.

ஒனோரா ஓநீல் 2002இல் பிபிசியின் ரீத் சொற்பொழிவுகளில் நம்பிக்கையைப் பற்றிப் பேசினார். நம்பிக்கை குறைந்துவிட்டதே, எப்படிக் கூட்டுவது என்று எல்லாரும் கவலைப்படும் காலத்தில், நம்பத் தகாதவர்களை நம்பாமல் இருப்பதும் அறிவுதான் என்பது அவருடைய வாதத்தின் சாரம். நம்பகத்தன்மைதான் முதலில் வேண்டும். இதை ஏற்றுக்கொண்டால், ‘சமூகத்தின் நம்பிக்கையை வளர்ப்போம்’ என்ற பெயரில் இப்தார் விருந்தும் கால்பந்துப் போட்டியும் நடத்துகிற போலீஸ், வேலையைத் தவறான முனையில் தொடங்குகிறது என்று தெரியும். மாற வேண்டியது மக்களின் மனம் என்று அது நினைக்கிறது. கைரேகை எங்கே போகிறது என்பது மாறாதவரை மனத்தை மாற்றிக்கொள்ளச் சொல்வது, ஆபத்தைத் தெரிந்துகொள்ளாமல் இரு என்று சொல்வதற்குச் சமம்.

நம்மவர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மாறாதா? டியர்போர்னில் 2008இல் ரொனால்ட் ஹடாட் காவல்துறைத் தலைவரானார். லெபனானிய வேர்கள் கொண்டவர். 2021இல் அப்துல்லா ஹம்மூத் அந்த ஊரின் முதல் அரபு அமெரிக்க மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஹப்பர்ட் முப்பத்தாறு ஆண்டுகள் உட்கார்ந்த நாற்காலி அது. இதை நான் சிறிதாக நினைக்கவில்லை. தன் மொழியும் பெயரும் தெரிந்த ஒருவர் கதவைத் திறப்பது எவ்வளவு ஆறுதல் என்பதை உணர முடிகிறது. ஆனால் பெண்ணின் பக்கமிருந்து பார்த்தால் இதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. வீட்டுக்கு வரும் போலீஸ்காரர் கணவனின் ஊர்க்காரராக, அதே பள்ளிவாசலில் தொழுகிறவராக இருக்கலாம். சமூகத்துக்கு நெருக்கமான போலீஸ் என்பது சமூகத்து ஆண்களுக்கு நெருக்கமான போலீஸாகவும் ஆகிவிடலாம். அந்நியரிடம் சொல்லத் தயங்கும் பெண், தெரிந்தவரிடம் சொல்லவும் தயங்குவாள். சீருடைக்குள் அரபியர் இருந்தால் போதாது. அவர் முன்னால் பேசும் பெண்ணுக்குத் தன் சொல் ஊருக்குள் பரவாது என்ற உறுதியும் வேண்டும்.

போலீஸையும் சிறையையும் சார்ந்து வீட்டு வன்முறையை எதிர்கொள்ளும் பெண்ணியத்தை வெள்ளையரல்லாத பெண்களே கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள். 2000இல் உருவான ‘இன்சைட்’ போன்ற அமைப்புகள், தண்டனையைக் கூட்டிக்கொண்டே போவது தங்கள் சமூகங்களின் மீதான அரச வன்முறையைத்தான் பெருக்கியது என்று வாதிட்டன. உறவினர், அண்டை வீட்டார், பெண்கள் அமைப்புகள் சேர்ந்து காக்கும் வழிகளைத் தேடின. அவர்கள் சொல்வதில் எனக்குப் பெருமளவு உடன்பாடு உண்டு. ஆனாலும் அந்த வாதத்தை நான் கதவுக்கு அப்பால் இருக்கும் பெண்ணிடம் சொல்ல மாட்டேன். கழுத்தில் கை இறுகும்போது யார் வந்தாலும் வரட்டும் என்று அவள் 911ஐ அழுத்தினால் அது சமூகத் துரோகம் அல்ல. அழுத்தாமல் இருந்தால் அது பெண்ணியத் துரோகமும் அல்ல. இரண்டு மோசமான வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைத்தவர்கள்தாம் பதில் சொல்ல வேண்டியவர்கள். தேர்ந்தெடுத்தவளிடம் விளக்கம் கேட்கும் உரிமை நமக்கு இல்லை.

அப்படியானால் யார் என்ன செய்ய வேண்டும் என்பது ஓரளவு தெளிவாகிறது. உதவிக்கு வரும் போலீஸ் குடியேற்ற நிலையைக் கேட்கவும் கூடாது, தெரிவிக்கவும் கூடாது. இதைச் சட்டமாகவே கொண்ட அமெரிக்க நகரங்கள் இருக்கின்றன. குழந்தையை மொழிபெயர்ப்பாளராக்குவது முற்றாக நிற்க வேண்டும். யு விசாச் சான்று அதிகாரியின் தயவாக இல்லாமல், காலவரையறையோடு கூடிய கடமையாக வேண்டும். உளவுப் பணியும் உதவிப் பணியும் ஒரே சீருடைக்குள் இருக்கக் கூடாது. போலீஸும் சமூகத் தலைவர்களும் கூடிப் பேசும் மேசையில் விமான நிலைய சோதனையும் கண்காணிப்புப் பட்டியலும் பேசப்படுவது சரிதான். வீட்டுக்குள்ளிருந்து வரும் அழைப்பு என்ன ஆகிறது என்ற கேள்வியோடு பெண்களும் அங்கே உட்கார வேண்டும். சமூகப் பெரியவர்கள் தங்கள் பங்குக்கு, அரசின் அநீதியைத் தங்கள் வீட்டு அநீதிக்குத் திரையாகப் பிடிப்பதை நிறுத்த வேண்டும்.

ஓர் ஊரின் போலீஸ் எப்படிப்பட்டது என்று அறிய, அதன் தலைவர் எந்த விருந்துக்குப் போனார் என்று பார்ப்பதைவிட, அந்த ஊரிலேயே மிகக் குறைந்த பாதுகாப்புள்ள பெண் நள்ளிரவில் அதைக் கூப்பிட்டால் மறுநாள் காலையில் அவள் நிலைமை மேம்பட்டிருக்குமா, மோசமாகியிருக்குமா என்று கேட்பது சரியான அளவுகோல் என்று நினைக்கிறேன். டியர்போர்னுக்கும் பே ரிட்ஜுக்கும் மட்டுமல்ல, காவல் என்ற ஒரே சொல்லில் காப்பதையும் அடைப்பதையும் சேர்த்து வைத்திருக்கும் எல்லா ஊர்களுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். அந்தக் கேள்விக்கு ‘மேம்பட்டிருக்கும்’ என்று அவளே சொல்லும் நாள்வரை, அவள் நம்ப மறுப்பதை ஒரு குறையாக அவள் கணக்கில் எழுத வேண்டாம்.